பழைய வீட்டில் போஸ்டர் கிடைத்தால்: முதலில் தாளைப் பாருங்கள், படம் பிறகு

பரணில் கிடக்கும் தகரப் பெட்டி, அலமாரி இழுப்பறையின் அடியில் விரித்த தாள், சட்டமிட்ட வேறொரு படத்தின் முதுகில் தூசி புகாமல் இருக்க வைத்த அட்டை, தரைவிரிப்புக்குக் கீழே பரப்பிய காகிதம். பழைய போஸ்டர்கள் அகப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். போஸ்டர் என்பதே சுவரில் ஒட்டி, சில வாரங்களில் கிழித்தெறிவதற்காக அச்சடித்த பொருள். ஒட்டியது அழிந்துவிடும். ஒட்டாமல் வேறு எதற்காவது பயன்பட்டதுதான் மிஞ்சும். அதனால் வீட்டைக் காலி செய்யும்போது படச்சட்டங்களின் பின்பலகையையும் இழுப்பறைகளின் அடித்தாளையும் பார்க்காமல் குப்பைக்கு அனுப்பாதீர்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்த 33 சினிமா போஸ்டர்கள் 2012-இல் ஏலத்தில் சுமார் 5 லட்சம் டாலருக்கு விற்றன. கிடைத்தபோது அவை சுவர்க்காகிதப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக இருந்தன. பார்வைக்குக் குப்பை. நிபுணர்கள் நீராவி கொடுத்துத் தாள் தாளாகப் பிரித்த பிறகுதான் உள்ளே இருந்தது தெரிந்தது. எனவே ஒட்டிப்போன கட்டி கிடைத்தால் கத்தியை நுழைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். அப்படியே ஒரு தட்டையான பலகையில் ஏற்றி ஓரமாக வையுங்கள்.

கை வைக்கும் முன்

கிடைத்த இடத்திலேயே, எதையும் நகர்த்தாமல், நாலைந்து படம் எடுங்கள். பக்கத்தில் கிடந்த செய்தித்தாளின் தேதி, சுற்றியிருந்த உறை, உருட்டி வைத்திருந்த குழாய், அதில் இருக்கும் அஞ்சல் முத்திரை எல்லாம் நாளைக்கு உங்கள் சாட்சிகள். அவற்றையும் போஸ்டரோடு சேர்த்தே வையுங்கள். வீடு உங்களுடையது இல்லையென்றால், அதாவது வாடகை வீடு, பழுதுபார்க்கப் போன வீடு, பங்கு பிரியாத பூர்வீக வீடு என்றால், போஸ்டர் யாருக்குச் சொந்தம் என்பதை விலை பேசுவதற்கு முன்பே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்தினால் போதும். துணிக் கையுறை வேண்டாம், அது கிழிந்த ஓரத்தில் மாட்டி இழுத்துவிடும். பூஞ்சணம் தெரிந்தால் மட்டும் நைட்ரைல் கையுறையும் என்95 முகக்கவசமும் அணிந்து, அந்தத் தாளை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். தாளைத் தூக்கும்போது இரண்டு மூலைகளைப் பிடித்துத் தூக்காதீர்கள். கீழே பெரிய அட்டை ஒன்றைச் செருகி, அட்டையோடு தூக்குங்கள்.

இராமபாணப் பூச்சியோ புழுவோ ஓடினால் மருந்து அடிக்க வேண்டாம், கறை படியும். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, –20 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க விடுங்கள். சில்லென்று இருக்கும்போதே திறந்தால் தாளின் மேல் நீர் பூத்துவிடும்.

உருட்டி வைத்த தாள் பல ஆண்டுகளில் மொரமொரப்பாகியிருக்கும். ஓரத்தை ஒரு விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். சிணுங்காமல் வளைந்தால் மெல்ல விரிக்கலாம். ‘கிர்’ரென்று ஒலி வந்தாலோ ஓரம் உதிர்ந்தாலோ நிறுத்துங்கள். அப்போது தாளுக்குக் கொஞ்சம் ஈரப்பதம் தேவை. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஈரமாக்கிப் பிழிந்த துண்டை விரித்து, அதற்கு மேல் வலைத்தட்டு வைத்து, தட்டின் மேல் உருளையை வைத்து மூடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். நாலைந்து மணி நேரத்தில் தாள் தளர்ந்துவிடும். பிறகு இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து, மேலே தட்டையான பலகையும் அதன் மேல் சமமான பாரமும் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். துண்டின் நீர்த்துளி தாளில் படவே கூடாது. பூஞ்சணம் பிடித்த தாளுக்கு இந்த வேலை ஆகாது, ஈரம் கிடைத்தால் அது மறுபடி வளரும். பளபளப்புப் பூச்சுள்ள தாளும் ஈரம் பட்டால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும்.

பழைய செலோடேப்பை உரிக்காதீர்கள். அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகியிருக்கும். உரித்தால் மேல்தோலோடு மையும் வந்துவிடும். அழிப்பான், ஈரத்துணி, புது டேப் எதுவும் இந்தக் கட்டத்தில் கிட்டே வர வேண்டாம். நல்ல எண்ணத்தில் வீட்டில் செய்த பழுதுதான் பல போஸ்டர்களின் விலையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறது.

அளவு சொல்லும் சேதி

படத்தில் இருப்பது யார், எந்த ஊர், எவ்வளவு அழகு என்பதையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு அளவுநாடாவை எடுங்கள். நீளம், அகலம் இரண்டையும் மில்லிமீட்டர் வரை அளந்து எழுதுங்கள். படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தையும் நான்கு பக்கமும் தனித்தனியாக அளங்கள். ஒரு பக்கம் மட்டும் ஓரம் குறுகியிருந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

அச்சகங்கள் நிலையான தாள் அளவுகளில்தான் வேலை செய்தன. அதனால் அளவே பல நேரம் நாட்டையும் காலத்தையும் காட்டிக்கொடுக்கும். அமெரிக்க சினிமாவின் வழக்கமான ஒற்றைத் தாள் 27க்கு 41 அங்குலம். 1980களின் நடுவிலிருந்து அது 27க்கு 40 ஆகக் குறைந்தது. அதே காலத்தில்தான் மடித்து அனுப்பும் பழக்கமும் நின்று உருட்டி அனுப்பத் தொடங்கினார்கள். எனவே 1950களின் படம் என்று சொல்லப்படும் ஒன்று மடிப்பே இல்லாமல் 27க்கு 40 அளவில் இருந்தால் சந்தேகப்படுங்கள். அரங்க முகப்பில் வைத்த அட்டைகள் 11க்கு 14 அங்குலம். பிரிட்டிஷ் சினிமா போஸ்டர் அகலவாட்டில் 40க்கு 30 அங்குலம். பிரெஞ்சுப் பெரிய தாள் 120க்கு 160 சென்டிமீட்டர், ஜப்பானின் பி2 தாள் 51.5க்கு 72.8, சுவிட்சர்லாந்தின் போஸ்டர் 90.5க்கு 128. பிரிட்டிஷ் ரயில் போஸ்டர்களில் 25க்கு 40 அங்குலமும், அதன் இரட்டிப்பான 50க்கு 40-ம் வழக்கம்.

ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வெட்டினதால் வரலாம். ஆனால் அளவு முழுதாகவே பொருந்தாமல், இன்றைய கடைச் சட்டங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் 24க்கு 36 அங்குலமாகவோ ஏ3 தாளாகவோ இருந்தால், அது வீட்டு அலங்காரத்துக்காக அடித்த மறுபதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சின்ன அளவென்றாலே போலி என்றும் முடிவுகட்ட வேண்டாம். 1895 முதல் 1900 வரை பாரிஸில் இருநூறுக்கும் மேற்பட்ட புகழ்பெற்ற போஸ்டர்களைச் சிறிய அளவில், கல்லில் வரைந்து அச்சிடும் அதே கல்லச்சு முறையில் மறுபடி அச்சிட்டுச் சந்தாதாரர்களுக்குத் தொகுதி தொகுதியாக அனுப்பினார்கள். சுமார் 29க்கு 40 சென்டிமீட்டர் தாள்கள். கீழ் மூலையில் மை இல்லாமல் அழுத்திய ஒரு முத்திரை, விரலால் தடவினால் தட்டுப்படும். அவை சுவருக்கு வந்த போஸ்டர்கள் அல்ல. ஆனாலும் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிற பொருள்.

லென்ஸை வைத்துப் பாருங்கள்

இந்த வேலைக்கு வேண்டிய ஒரே முக்கியமான கருவி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ். வைரம் பார்ப்பவர்கள் கண்ணில் மாட்டுவது போதும். பகல் வெளிச்சத்தில், ஆனால் நேர்வெயில் படாமல், மூன்று இடங்களைப் பாருங்கள்: ஒரு முகம் அல்லது வானம் போன்று நிறம் மெதுவாக மாறும் இடம், ஒரே நிறம் பரந்திருக்கும் இடம், பெரிய எழுத்தின் ஓரம்.

கல்லச்சில், அதாவது லித்தோகிராபியில், நிறம் மாறும் இடத்தில் பென்சில் தீற்றல் போலவோ மணல் தெளித்தது போலவோ ஒழுங்கற்ற பொடிப்புள்ளிகள் தெரியும். ஒரு புள்ளி இன்னொன்றைப் போல் இருக்காது. ஆஃப்செட் அச்சில் வரிசை தவறாத வட்டப் புள்ளிகள் இருக்கும். சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கும் சேர்ந்து குட்டிப் பூ விரிந்தாற்போலத் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை தாளுக்கு மேல் படலமாக நிற்கும். சாய்வாகப் பார்த்தால் அதன் ஓரம் ஒரு படி போலத் தெரியும். ஈய எழுத்து அச்சென்றால் எழுத்து தாளில் பதிந்திருக்கும், பின்பக்கம் தடவினால் மேடு தட்டும். இன்றைய இன்க்ஜெட்டில் பூவும் இருக்காது, தீற்றலும் இருக்காது. தெறித்த பனி போல மிக நுண்ணிய புள்ளிகள் எல்லா இடமும் சிதறியிருக்கும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ‘புள்ளி தெரிகிறது, ஆகவே மறுபதிப்பு’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். அது தவறு. இருபதாம் நூற்றாண்டின் ஏராளமான அசல் போஸ்டர்கள் ஆஃப்செட்டில் அடித்தவையே. கேட்க வேண்டிய கேள்வி, புள்ளி எங்கே இருக்கிறது என்பது. அசலில் பெரும்பாலும் புகைப்படப் பகுதி மட்டும் புள்ளியாக இருக்கும். தலைப்பு எழுத்தும் திட்டமான சிவப்பு நீலப் பரப்புகளும் ஒரே மையாக, வெட்டினாற்போன்ற ஓரத்தோடு நிற்கும். மறுபதிப்பு என்பது போஸ்டரைப் புகைப்படம் பிடித்து அச்சிட்டது. ஆகவே எழுத்தும் புள்ளியால் ஆனதாக, ஓரம் ரம்பப் பல் போலத் தெரியும். பழைய புள்ளிக்கு மேல் புதுப் புள்ளி விழுவதால் அலையலையான கோலம் ஒன்றும் சில இடங்களில் தோன்றும். ஆகவே மூன்று இடங்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள்.

மடிப்பையும் இதே லென்ஸால் பாருங்கள். உண்மையான மடிப்பில் நார் உடைந்து வெள்ளையாகத் தூக்கிக்கொண்டிருக்கும், மை அங்கே உதிர்ந்திருக்கும், பின்பக்கத்திலும் அதே கோடு ஓடும். சில மறுபதிப்புகளில் மடிப்புக்கோடு கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டாது. அசலின் மடிப்பையும் சேர்த்துப் படம் பிடித்து அச்சிட்டிருப்பார்கள். ஆணி ஓட்டைக்கும் கிழிசலுக்கும் இதே சோதனைதான்.

கையெழுத்து இருந்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். பெரும்பாலான ஓவியர்களின் பெயர் படத்தோடு சேர்ந்து அச்சானது. பேனாவால் போட்டதென்றால் மற்ற மைகளுக்கு மேலே ஓடும், சாய்வெளிச்சத்தில் முனை அழுத்திய தடம் தெரியும்.

அடிவரியும் முதுகும்

போஸ்டரின் கீழ் ஓரத்தில் எறும்பு போல் ஓடும் வரிதான் அதன் பிறப்புச் சான்று. அச்சகத்தின் பெயர், ஊர், சில நேரம் ஆண்டும் எண்ணும் இருக்கும். எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் ஒவ்வொரு சின்ன விஷயமும் ‘இதற்கு முன் இல்லை’ என்று ஒரு கோடு போட்டுத் தரும். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் 1963-க்கு முன் அச்சிட்டதல்ல. இந்திய முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்கு முன் அல்ல. பார்கோடு இருந்தால் 1970களுக்கு முன் அல்ல. இணைய முகவரி இருந்தால் கேள்வியே இல்லை. நேர்மையான மறுபதிப்பாளர்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் அடியில் போடுவார்கள். அதனால்தான் ஏமாற்ற நினைப்பவர்கள் அந்த ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். கீழ் ஓரம் மட்டும் குறுகிய போஸ்டரை இரண்டு முறை பாருங்கள்.

1940 முதல் 1980களின் நடுப்பகுதி வரை அமெரிக்க சினிமா போஸ்டர்களில் பெரும்பாலானவற்றை நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் விநியோகித்தது. அடியில் 54/312 போல ஓர் எண் இருந்தால், முதல் இரண்டு இலக்கம் ஆண்டு: 1954. முன்னால் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து நின்றால் அது மறுவெளியீட்டுக்கு அடித்தது. படம் 1939-இல் வந்திருந்தாலும் போஸ்டர் 1954-இன் போஸ்டர்தான். 1977 முதல் சாய்கோடு போய், எண் ஆறு இலக்கமாகச் சேர்ந்து வரும். மறுவெளியீட்டு போஸ்டர் போலி அல்ல. ஆனால் முதல் வெளியீட்டின் விலைக்கு அது கிட்டே வராது.

பிறகு தாளைத் திருப்புங்கள். பழைய போஸ்டர் தாள் பசை போட்டு ஒட்டுவதற்காக மெல்லியதாகவே செய்யப்பட்டது. முன்பக்க மையின் நிழல் பின்னால் தெரியும். வயதால் வரும் பழுப்பு ஓரங்களில் கூடுதலாகவும், மடித்த உள்பக்கம் காற்று படாததால் குறைவாகவும் இருக்கும். மேலிருந்து கீழ்வரை, மடிப்பின் உள்ளும் புறமும் ஒரே தேநீர் நிறம் என்றால், தேநீரில்தான் நனைத்திருக்கிறார்கள்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று இருந்தால் இருட்டறையில் பின்பக்கம் அடித்துப் பாருங்கள். காகிதத்தை வெண்மையாக்கச் சேர்க்கும் ஒளிரும் ரசாயனங்கள் சுமார் 1950-க்குப் பிறகே பரவலாயின. ஆகவே 1900-இன் தாள் என்று சொல்லப்படுவது நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் கதை முடிந்தது. ஆனால் ஒளிரவில்லை என்பதால் மட்டும் பழையது ஆகிவிடாது. அந்த ரசாயனம் சேர்க்காத நல்ல தாள்கள் இன்றும் கிடைக்கின்றன. பின்னால் துணியோ வேறு தாளோ ஒட்டியிருந்தால் நீங்கள் பார்ப்பது அதன் ஒளியைத்தான், போஸ்டரின் ஒளியை அல்ல.

நிலை

சேகரிப்பு உலகில் பொது போஸ்டர்களுக்கு ஏ, பி, சி, டி என்றும், சினிமா போஸ்டர்களுக்கு சி1 முதல் சி10 வரையும் தரம் போடுவார்கள். ஏ என்றால் நிறம் புதுசாக, தாள் முழுதாக இருக்கிறது. பி என்றால் சின்னக் கிழிசல், ஓரக்குறை. சி என்றால் கண்ணில் படும் மடிப்பு, மங்கல், கறை. டி என்றால் படத்தின் முக்கியப் பகுதியே போய்விட்டது. நீங்களே தரம் போட முயல்வதைவிடக் குறைகளை இடம் சொல்லி, அளவு சொல்லி எழுதுவது மேல்: ‘மேல் ஓரத்தில் நடுவே 4 செ.மீ. கிழிசல், எழுத்தைத் தொடவில்லை.’

எல்லாக் குறைகளும் ஒன்றல்ல. மடித்தே அனுப்பிய காலத்தின் போஸ்டரில் மடிப்பு பெரிய குறையே இல்லை. ஓரத்து ஆணி ஓட்டையும் அப்படியே. ஆனால் நிறம் வெளுத்தது திரும்பாது. முகத்திலோ தலைப்பிலோ விழுந்த ஓட்டை வலிக்கும். சூடேற்றி நுரை அட்டையில் ஒட்டியதும், பிளாஸ்டிக் லேமினேஷன் செய்ததும் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் கழற்ற வழியில்லை. துணியில் ஏற்றிய போஸ்டர் வேறு கதை. பருத்தித் துணி, நடுவில் அமிலமில்லாத தாள், கோதுமை மாவுப் பசை என்று முறைப்படி செய்தது தண்ணீரில் கழன்றுவிடும். பெரிய, பழைய போஸ்டர்களுக்கு அது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். எனினும் விலை தெரியும் முன் அந்தச் செலவில் இறங்காதீர்கள். இருப்பதை இருக்கிறபடியே வாங்க விரும்புபவர்கள் பலர்.

விலையைக் கணிப்பது

வயதுக்கும் விலைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. 120 ஆண்டுப் பழைய சோப்பு விளம்பரம் கேட்பாரற்றுக் கிடக்கலாம். 50 ஆண்டுப் பழைய சினிமா போஸ்டருக்கு ஏலத்தில் போட்டி நடக்கலாம். பார்க்க வேண்டியவை: பொருள் எத்தனை பேருக்கு வேண்டியது, வரைந்தவர் யார், முதல் பதிப்பா, எத்தனை பிரதி மிஞ்சியிருக்கிறது, நிலை என்ன. பிரிட்டன் அரசு 1939-இல் லட்சக்கணக்கில் அச்சிட்ட ஒரு போர்க்கால போஸ்டரை அநேகமாக எங்கும் ஒட்டவே இல்லை. பெரும்பகுதியைக் கூழாக்கிவிட்டார்கள். 2000-இல் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்த பிறகு அந்த வாசகம் கோப்பை முதல் துண்டு வரை எல்லாவற்றிலும் ஏறியது. சிவப்புப் பின்னணியில் கிரீடமும் ‘பதறாமல் தொடருங்கள்’ என்ற பொருளில் ஐந்து ஆங்கிலச் சொற்களும் உள்ள அந்தத் தாளின் அசல் மிக அரிது. நகல் கணக்கில்லாதது. படம் இரண்டிலும் ஒன்றேதான்.

இணையத்தில் விற்பனையாளர் கேட்கும் விலை விலையல்ல, விருப்பம். விற்று முடிந்த ஏல முடிவுகளை மட்டும் எடுங்கள். அதே போஸ்டர், அதே அளவு, அதே பதிப்பு, ஏறக்குறைய அதே நிலை, கடந்த ஐந்தாண்டுக்குள் விற்றது என்று மூன்று முதல் ஐந்து முடிவுகள் வேண்டும். தனியாக உச்சத்தில் நிற்கும் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு பணக்காரர்கள் ஓர் இரவில் மோதிக்கொண்டதன் விளைவாக அது இருக்கும்.

பிறகு கழித்தல். வெளியிடப்படும் ஏல விலையில் பெரும்பாலும் வாங்குபவர் கட்டும் கூடுதல் கட்டணமும் சேர்ந்திருக்கும். அது 25 சதவீதம் என்று வையுங்கள். 1,250 என்று பதிவான விற்பனையில் சுத்தியல் தட்டிய விலை 1,000. அதில் விற்பவரிடம் 10 சதவீதம் பிடித்தால் கைக்கு வருவது 900. அனுப்புசெலவு, காப்பீடு, படக்கட்டணம் இன்னும் குறைக்கும். காப்பீட்டுக்காக எழுதித் தரும் மதிப்பு இதைவிட உயரமாக இருக்கும். அது மறுபடி கடையில் வாங்க ஆகும் தொகை, விற்றால் கிடைக்கும் தொகையல்ல.

மதிப்பீட்டாளரிடம் போனால் கட்டணம் மணிக்கோ உருப்படிக்கோ இருக்கட்டும். மதிப்பில் சதவீதம் கேட்பவரையும், மதிப்பைச் சொன்ன கையோடு ‘நானே எடுத்துக்கொள்கிறேன்’ என்பவரையும் விட்டு விலகுங்கள். ஒரே போஸ்டர் இருபது பிரதி கிடைத்தால் எல்லாவற்றையும் ஒரே ஏலத்தில் இறக்காதீர்கள். அரிது என்ற பேச்சே அன்றோடு போய்விடும்.

விற்கும்வரை

தட்டையாக, அமிலமில்லாத உறையில், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் உள்ள அறையில் வையுங்கள். பரணும் தரையும் வெளிச்சுவரும் வேண்டாம். உறை பாலியெஸ்டராக இருக்கலாம், பிவிசி கூடாது, அது நாளடைவில் அமிலம் விடும். மை பொடியாக உதிரும் போஸ்டருக்குப் பாலியெஸ்டரும் ஆகாது, நிலைமின்னால் பொடியை இழுத்துக்கொள்ளும், தாள் உறையே சரி. சட்டமிட்டால் கண்ணாடி போஸ்டரைத் தொடாதபடி நடுவே அட்டை ஓரம் கொடுங்கள். அனுப்ப நேர்ந்தால் குறைந்தது 10 செ.மீ. விட்டமுள்ள குழாயின் மேல் மெல்லிய தாளோடு சுற்றி, அதை இன்னும் பெரிய குழாய்க்குள் செருகுங்கள். மொரமொரப்பான தாளை உருட்டவே கூடாது, இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாகத்தான் போக வேண்டும்.

ஏல நிறுவனத்துக்கு எழுதும்போது இத்தனை படங்கள் போதும்: முழு முன்பக்கம், முழுப் பின்பக்கம், நான்கு மூலைகள், அடிவரி, பெரிய குறை ஒவ்வொன்றும் பக்கத்தில் அளவுகோல் வைத்து, சாய்வெளிச்சத்தில் ஒன்று, லென்ஸ் வழியாகத் தலைப்பு எழுத்தின் ஓரம் ஒன்று. கிடைத்த இடத்தில் முதலில் எடுத்த படங்களையும் மறக்காமல் சேருங்கள்.